இருபத்திரண்டரை

அறிவிப்புத் தாளைப் பிடித்திருந்த நான்கு குண்டூசிகளில்
மூன்றுதான் மிச்சம்.
காற்றடித்தால் விதி ஒன்பது
விதி இரண்டின் மேல் மடிந்து விழும்.

கணிதத்தில் ஐம்பதுக்குக் கீழே எடுத்தவர்கள்
கட்டாயம் பிரிட்ஜ் கோர்ஸ் வர வேண்டும்.
காலை ஏழரை. அறை எண் 114.
கால்குலேட்டர் அனுமதியில்லை.
கடைசி பெஞ்ச் காலியாக இருக்க வேண்டும்.

கடைசி பெஞ்சைத் தேர்வுக் கூடத்துக்கு
எப்போதோ தூக்கிப் போயிருந்தார்கள்.
அந்த ஒரு விதியை மட்டும்
முதல் நாளே எல்லோரும் கடைப்பிடித்தோம்.

நாற்பத்தொரு பேர்.
பெயர்ப் பட்டியலை மதிப்பெண்ணோடு கதவில் ஒட்டினார்கள்.
என் பெயருக்கு நேரே முப்பத்தேழு.
கேன்டீனுக்கு வேறு வழி கிடையாது.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் கணக்கு சார்
மாற்றலாகிப் போனார். பதிலுக்கு யாரும் வரவில்லை.
இரண்டு வருடம் அந்தப் பாடவேளையில்
காசிமேட்டுக்குப் போகும் ஐஸ் வண்டிகளை
ஜன்னல் வழியே எண்ணிக்கொண்டிருந்தோம்.
எண்ணியதெல்லாம் சரியாகத்தான் எண்ணினோம்.

விதி ஐந்து: பத்து நிமிடம் தாமதித்தால்
அரை வகுப்பு மட்டுமே கணக்கில் வரும்.
இதை எழுதியவர்
கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்திருக்க மாட்டார்.
சென்ட்ரல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்
எதற்கென்று சொல்லாமல் நின்றுவிடும் ரயில்.
"காலேஜ்ல ஒரு பிரிட்ஜ், இங்க பேசின் பிரிட்ஜ்,
நடுவுல மாட்னது நம்ம தான்" என்பான்
மீஞ்சூரிலிருந்து தொங்கிக்கொண்டு வரும் டெல்லிபாபு.

தேமொழி மேடம் கௌரவ விரிவுரையாளர்.
சாக்பீஸைப் பாதியாக உடைத்துத்தான் எழுதுவார்.
ஒருநாள் போர்டில்:
ஒருவருக்கு மணிக்கு நானூறு ரூபாய்.
மாதம் ஐம்பது மணி நேரம்.
மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை.
வர வேண்டியது எவ்வளவு?
அறுபதாயிரம் என்று கத்தினோம்,
முதல்முறையாக எல்லோரும் ஒரே விடை.
"யாரு மேடம் அந்த ஒருத்தர்?"
முபீனா கேட்டாள்.
மேடம் அழித்துவிட்டு அடுத்த கணக்கை எழுதினார்.

மொத்தம் முப்பது வகுப்பு.
எழுபத்தைந்து சதவீதம் இல்லாதவர்
தேர்வெழுத முடியாது.
கடைசி நாள் ஆபீஸ் கவுன்டரில் டெல்லிபாபு:
முழுசாக இருபத்தொன்று, தாமதமாக மூன்று.
"இருபத்தி ரெண்டுதான்பா காட்டுது.
அரையெல்லாம் சாஃப்ட்வேர் எடுக்காது.
ஐந்நூறு கட்டி மன்னிப்பு லெட்டர் குடு."

அவன் பணத்தை எடுக்கவில்லை.
ரயில் பாஸின் ஜெராக்ஸைத் திருப்பி
முதுகில் எழுத ஆரம்பித்தான்.
எழுபத்தைந்தின் கீழ் நூறு.
அடித்தான். முக்கால்.
முப்பதில் முக்கால், நிதானமாக,
படிப்படியாக, மேடம் கேட்கிற மாதிரி,
கடைசியில் விடையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு.
அவன் நோட்டில் அதுவரை
கட்டம் போட்ட விடை எதையும் நான் பார்த்ததில்லை.

சாந்தகுமாரி மேடம் மேசை டிராயரைத் திறந்து
கால்குலேட்டரை எடுத்தார்.
(அனுமதியில்லை என்பது எங்களுக்குத்தான்.)
ஒரு தடவை தட்டினார்.
அழித்துவிட்டு இன்னொரு தடவை.
பிறகு கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார்.

ரிஜிஸ்டரில் அந்தக் கட்டம்
இரண்டு இலக்கத்துக்கு மட்டும் அடித்தது.
சிவப்பு மையில் அரை
கோட்டைத் தாண்டி
பக்கத்துப் பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்தது.
அது என் பெயர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பரீட்சை திங்கட்கிழமை.
அதற்கும் அதே ரயில்தான்.