அறுபது பேர் அமர்ந்த அறை

படிவத்தில் ஒரு கட்டம்:
வகுப்பின் சராசரி அளவு.
மசி தீர்ந்த பிரிண்டரில்
கட்டத்தின் ஒரு பக்கம் கோடில்லாமல் வந்திருந்தது.
நீ புள்ளியியல்தானே, நீயே நிரப்பு என்றார் முதல்வர்.

பள்ளிப்பட்டுக்கு வடக்கே எங்கள் கல்லூரி.
ஓய்வறை மேசையில் செல்போனை வைத்தால் போதும்,
ஆந்திரம் உங்களை வரவேற்கிறது என்று
நாளைக்கு நாலு முறை குறுஞ்செய்தி வரும்.

முதலாண்டுப் புள்ளியியல்: நூற்றுப் பன்னிரண்டு பேர்.
இருபத்தாறு பெஞ்சு, பெஞ்சுக்கு நால்வர்.
மிச்சம் எட்டுப் பேர் ஜன்னல் விளிம்பில்.
தெலுங்கு இலக்கியத்திலும் எட்டே பேர்.
யார் காலையில் சாப்பிடாமல் வந்தது என்று
சுப்பராமராஜு சாருக்கு முகம் பார்த்தே தெரியும்.
கூட்டி, இரண்டால் வகுத்து
அறுபது என்று எழுதினேன்.

அடுத்த பக்கம், ஆசிரியர் விவரம்.
பத்தொன்பது பெயர்.
மூன்று பேர் அயற்பணியில் சென்னையில்.
ஒருவர் போன ஆவணியில் ஓய்வு பெற்று
புத்தூரில் சிமெண்ட் ஏஜென்சி எடுத்துவிட்டார்.
ஏழு பேர் என்னைப்போல
கௌரவ விரிவுரையாளர்கள்.
பதினொரு மாதம் கௌரவம்.
மே மாதம் அதுவும் கிடையாது.
சம்பளப் பட்டியலில் நான் கால் ஆள்,
விகிதத்துக்கு முழு ஆள்.

ஆய்வுக்குழு வரும் நாளில்
ஒற்றைப்படை எண்காரர்கள் வரவேண்டாம் என்று உத்தரவு.
மீந்தது ஐம்பத்தாறு.
கணக்கு உதைக்கக் கூடாதென்று
தெலுங்கிலிருந்து நாலு பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.
ராஜு சார் கதவருகே வந்து
தன் நால்வரை ஒருமுறை எண்ணிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ஒரு பெஞ்சுக்கு இரண்டே பேர்.
முழங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில்
நோட்டு விரியும் அளவுக்கு இடம்.
ஜன்னல் விளிம்பிலிருந்து இறங்கி வந்து
மூன்றாம் வரிசையில் இருந்தாள் லோகிதா, எண் எண்பத்தெட்டு,
ஏகாம்பரகுப்பத்தில் இரவெல்லாம் தறி ஓட்டும் வீட்டுப் பெண்.
ஏழு மாதமாக அவள் எனக்கு
'உள்ளேன் மேடம்' மட்டும்தான்.

"அர்த்தம் காலேது மேடம்" என்று எழுந்தாள்.
"உங்க கிளாஸ்ல எத்தனை பேருன்னு கேட்டா
நூத்திப் பன்னிரண்டு பேர் நூத்திப் பன்னிரண்டும்பாங்க.
எட்டுப் பேர் எட்டும்பாங்க.
அறுபதுன்னு சொன்னது யாரு?"

சாக்கட்டி என் கையில் நின்றது.
அவளையே பலகைக்கு அழைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டை நூற்றுப் பன்னிரண்டால் பெருக்கினாள்,
எட்டை எட்டால்,
கூட்டி நூற்றிருபதால் வகுத்தாள்.
நூற்றைந்து சொச்சம்.
முதல்வரின் சராசரி அறுபது,
உட்கார்ந்திருப்பவர்களின் சராசரி நூற்றைந்து.
வகுப்பு முழுக்க ஒரு 'ஓ' எழுந்தது.
வாசலில் நின்ற குழு உறுப்பினர்
மாணவர் பங்கேற்பு என்ற இடத்தில்
டிக் அடித்துக்கொண்டு நகர்ந்தார்.

பதினான்கு வருடத்தில் நான் எடுத்த நல்ல வகுப்பு அது.
பொய்க்காக ஒழித்துக் கொடுத்த இடத்தில் நடந்தது.
இதை யாரிடம் புகாராகச் சொல்வது,
யாரிடம் நன்றியாகச் சொல்வது, தெரியவில்லை.

மறுநாள் ஒற்றைப்படைகள் திரும்பினார்கள்.
நகரி பஸ் தாமதம், தள்ளுமுள்ளு, டிபன் பாக்ஸ் சத்தம்.
லோகிதா ஜன்னல் விளிம்புக்குப் போய்விட்டாள்.
விலக்க வர்க்கத்தின் நடுவில்
அவள் வாய் அசைவது தெரிந்தது.
என்னம்மா என்றேன்.
மின்விசிறி மட்டும் பதில் சொன்னது.

அவள் கேட்டதை முன்பெஞ்சுக்குச் சொல்ல,
அது அதற்கு முன்பெஞ்சுக்குப் போக,
பதின்மூன்று வரிசை தாண்டி,
பாதி தெலுங்கில் பாதி தமிழில்,
என்னிடம் வந்து சேர்ந்தது கேள்வி:
"அவளுக்குத் தண்ணி வேணுமாம் மேடம்."

அது இல்லை என்று எனக்குத் தெரியும்.
பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.
கைமாறிக் கைமாறி
அது பின்னால் போய்க்கொண்டிருந்தது.