ஈரம் காயும் வரை

வலிக்காது என்று நான் சொல்வதில்லை.
பதினாறு வருடத்தில் ஒரேயொரு முறை சொன்னேன்.
அந்தப் பையன் இப்போது மீன்பண்ணையில் வேலை செய்கிறான்,
படகுத்துறையில் என்னைக் கண்டால்
இன்னும் எதிர்ப்பக்கம் நடக்கிறான்.

சீலோவே பெருந்தீவுக்குக் கிழக்கே
பெயரில் உள்ள எழுத்துகளைவிட
வீடுகள் குறைந்த தீவுகள்.
எங்கள் மருத்துவப் படகு மாதம் ஒருமுறை வரும்,
காற்று சம்மதித்தால்.
இது மே மாதம். சளிக்காய்ச்சல் ஊசி. மழை.
மழையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியதில்லை,
பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடத்து விறகடுப்புக்குப் பக்கத்தில் மேசை.
ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த ஊசிக்குழலை
உள்ளங்கைக்குள் கொஞ்ச நேரம் மூடி வைக்கிறேன்,
திருடிய மிட்டாயைப் போல.
சில்லென்று உள்ளே போவது
இரண்டு முறை வலிக்கும்.

பஞ்சால் துடைத்த இடம் ஒரு நாணயம் அளவு.
அது காய வேண்டும்.
ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட்டும் கூடப் போய் எரியும்.
சுவர் காயாத ஊர், கம்பளி காயாத ஊர்,
உருளைக்கிழங்கு மூட்டைக்குள்ளேயே முளைவிடும் ஊர்.
இந்தத் தீவு முழுவதிலும்
நான் காயவைக்க வேண்டியது இந்த ஒரு நாணயம்தான்.
ஊதக் கூடாது. விசிறக் கூடாது.
பேசிக்கொண்டிருக்கலாம்.

"வலிக்குமா?" என்றார் பெலார்மினோ மில்லலோங்கோ.
சிப்பிக்கு மூழ்குகிறவர்.
பத்துப் பாகம் ஆழத்தில், ரப்பர் குழாய் தரும் காற்றில்
அரை நாள் பிழைப்பவருக்கு
மேலே வந்து ஊசியைப் பார்த்ததும் உதடு வெளுக்கிறது.
"கொஞ்சம்," என்றேன்.
"கொசுவைவிட அதிகம்.
கடல் முள்ளெலியின் முள்ளைவிடக் குறைவு."
அது அவருக்குத் தெரிந்த அளவுகோல்.

தோளெலும்பின் முனையிலிருந்து மூன்று விரல் கீழே.
வீரமாய் நிற்க வேண்டாம், உட்காருங்கள்,
கையை மடியில் போட்டுவிடுங்கள்,
யாரோ மறந்து வைத்துப் போன கை மாதிரி.
இறுகிய சதை ஊசியோடு மல்லுக்கு நிற்கும்.
எல்லோரும் "தளர்த்திவிட்டேன்" என்பார்கள்.
பொய்.
முழங்கையைத் தூக்கி, சட்டென்று விட்டுப் பார்ப்பேன்.
விழாமல் அந்தரத்தில் நின்றால்
அது இன்னும் அவருடைய கைதான்.

பூட்ஸுக்குள் கால்விரல்களை ஆட்டச் சொன்னேன்.
குத்தப்போகும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன்,
பத்து எண்ணும் வரை.
பிறகு, ஆம் இல்லை என்று தப்ப முடியாத ஒரு கேள்வி:
"கடைசியாக அடியில் என்ன பார்த்தீர்கள்?"
அவர் கண்கள் மெல்ல மூழ்கின.
"ஒரு தையல் மிஷின். அதன் சக்கரத்தில் ஒரு நண்டு…"
அந்த நண்டுக்குள் போய்
வெளியே வந்துவிட்டது என் ஊசி.
பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பதில்லை;
அது நான் படித்த காலத்துப் பாடம்,
வலியை நீட்டிய பாடம்.
"குத்தவில்லையா இன்னும்?"
பஞ்சைக் கொடுத்தேன். தேய்க்காதீர்கள்.

நாற்பத்தொரு தோள்கள்.
மிச்சம் இரண்டு மருந்து. ஒன்று எனக்கு.
பிரசவம் பார்க்கும் ஓவிதியா கையுறை மாட்டினாள்.
எல்லாத் தந்திரமும் எனக்குத் தெரியும், அதுதான் சிக்கல்.
இருமச் சொன்னால் எந்த இருமலில் குத்துவாள் என்று தெரியும்.
கால்விரல் ஆட்டினால் ஏன் ஆட்டுகிறேன் என்று தெரியும்.
முழங்கையைத் தூக்கி விட்டாள்.
அந்தரத்தில் நின்றது.
சிரித்தாள். நாணயம் காயக் காத்திருந்தாள்.
"வர வேண்டியவர்களில் யார் வரவில்லை?"

பர்ரியா வீட்டு மூவர், வந்தார்கள்.
பாசி பொறுக்கும் அக்கா தங்கை, வந்தார்கள்.
தேவாலயச் சாவிக்காரர், இருமுறை வந்தார்,
இரண்டாம் முறை குடைக்காக.
மேட்டு வீட்டு எர்சீலியா…
எப்போதும் யாரிடமாவது முட்டை கொடுத்தனுப்புவாள்.
இன்று முட்டை வரவில்லை.

"முடிந்தது," என்றாள் ஓவிதியா.
நான் அதற்குள் பூட்ஸ் தேடிக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் தோளில் மாட்டி
மேட்டில் ஏறும்போதுதான் வலித்தது.
எல்லோருக்கும் சொல்வது போலவே
கையை வீசி வீசி நடந்தேன்.
வேலிக்கதவு மழையில் உப்பி இறுகியிருந்தது.
தள்ளவில்லை. கொஞ்சம் தூக்கித் திறந்தேன்.
உள்ளே யாரோ இருமினார்கள்.