பதினோராம் நாள்

பதினோராம் நாள் மூளைகள்
உறைபெட்டியில் உருகிப்போயின.
வெள்ளி இரவு போன கரண்ட்
சனி வெயில் ஏறும்வரை வரவில்லை.
ஜெனரேட்டரில் டீசல் இருந்தது.
அதன் திறப்பு
விலங்குக்கூடம் பார்க்கும் அமிர்தசீலனின் சட்டைப் பையில்,
குருநகரில், நித்திரை.

ஆறு குட்டிகள் வீணாய்ப் போயின என்று
பதிவேட்டில் எழுதினேன்.
பிறகு பேனையைப் பிடித்தபடி இருந்தேன்:
மற்ற நாள்களின் குட்டிகள் எதுவாய்ப் போயின?
அதற்கு அந்தப் பக்கத்தில் நிரல் இல்லை.

இருப்பதை வைத்து ஓட்டினேன்.
ஊதாக் கதிர் விளக்கின் கீழ்
பிறந்த அன்றைய பட்டை
ஆனையிறவு உப்புமேட்டில் பட்ட வெயில்.
ஐந்தாம் நாளும் கண் கூசியது.
எட்டில் கொஞ்சம் அடக்கம்.
பதினான்கில் மங்கல்.
வளர்ந்த எலியில்
இருக்கிறதென்று சொன்னால் இருக்கிறது.

டியூபுலின்.
அல்பா ஒன்று பீட்டா ஒன்று சோடி சேர்ந்து,
சோடிமேல் சோடி ஏறி இழையாகி,
பதின்மூன்று இழை வட்டங்கட்டி நின்றால்
ஒரு குழல்.
அதைப் பிடித்துத்தான் நரம்புக்கலம் கை நீட்டும்;
அதன் மேலால்தான்
கருவிலிருந்து நுனிவரை சரக்குப் போகும்.

"வயசாக ஆகக் குறையுதே,
மூளை தேயுதோ?"
கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் கேட்டார்.

இல்லை சேர்.
கொடிகாமத்தில் தண்டவாளம் போட்ட காலம்
தினமும் அந்த வழியால் வேலைக்குப் போனவள் நான்.
லொறி லொறியாய் இரும்பு.
கல்லுத்தூசியில் வேலியெல்லாம் வெள்ளை.
போட்டு முடிந்த பிறகு ஒரு லொறியும் வரவில்லை.
அதனால் ரயில் நின்றுபோனதா?

அதற்கு முன்னொருக்கால்
இதே பாதை பிடுங்கப்பட்டதையும்,
சிலிப்பர் கட்டை ஏழு
எங்கள் பதுங்குகுழிக்குக் கூரையாய்க் கிடந்ததையும்
நான் சொல்லவில்லை.
ஆய்வேட்டில் அது எந்த அத்தியாயம்?

ஆனால் ஒன்று மட்டும் சொல்வழி கேட்கவில்லை.
நாலாம் வகைப் பீட்டா.
எல்லாம் இறங்க, இது ஏறியது.
பிறந்த அன்று வெறும் இருட்டு,
வளர்ந்த எலியில் வெளிச்சம்.
கிணறு மாறி ஊற்றிவிட்டேன் என்று
என்னையே ஏசிக்கொண்டு
மறுபடி ஓட்டினேன். மூன்றாந்தரமும்.
அதே ஏற்றம்.

பிழை என்னிலில்லை.
நரம்புக்கு உறை சுற்றும் கலங்கள்
அந்தக் கிழமைகளில்தான் வேலைக்கு வந்து சேருகின்றன.
அவர்கள் கொண்டுவரும் கம்பி வேறு.
ஒரே மூளை; கட்டுபவர்கள் வேறு வேறு நாளில்
வேறு வேறு சாமானோடு.

எட்டுக்கும் பதினான்குக்கும் நடுவே எங்கோ
இறங்கியதும் ஏறியதும்
ஒன்றையொன்று கடந்திருக்கும்.
குட்டியின் கண் இன்னும் திறக்காத ஒரு நாளில்.
அது எந்த நாள் என்று
உருகிய குழாய்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

"புள்ளிக்கோடு போட்டு இணையும்,
ஆர் கேக்கப் போகினம்,"
என்றார் மேற்பார்வையாளர்.
போட்டுப் பார்த்தேன்.
வடிவாய்த்தான் இருந்தது.
பார்க்காத நாளைப் பார்த்ததுபோல்
அத்தனை வழவழப்பு.
அழித்தேன். அந்த இடம் தாளில் சற்றே நைந்துபோனது.

திங்கள் காலை அமிர்தசீலன்
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வராது.
"மூண்டாங் கூட்டுக்காரி ராத்திரி குட்டி போட்டிருக்கிறாள்,
ஒம்பது," என்றார்.
ஒன்பதும் மிளகாய்ப்பழச் சிவப்பில்
ஒன்றின் மேலொன்று நெளிந்தன.
ஒவ்வொன்றுக்குள்ளும் இந்நேரம்
லொறிகள் வந்துகொண்டிருக்கும்.

கூட்டில் திகதி ஒட்டி விரல்விட்டு எண்ணினேன்.
பதினோராம் நாள் நல்லூர்த் தேர்.
வீதியெல்லாம் பூட்டியிருக்கும்;
சைக்கிளை இணுவில் ஒழுங்கைகளால் விட்டு
விடிய நாலுக்கே வரவேணும்.

மத்தியானம் கஸ்தூரியார் வீதியில்
அந்தத் திறப்புக்கு இன்னொன்று வெட்டுவித்தேன்.
இருநூற்றைம்பது ரூபா.
அரம் போட்ட சூடு ஆறமுன்னே
என் கைப்பைக்குள் போட்டேன்.