எங்கட

பாசல் நகரில், ரைன் ஆற்றின் மட்டத்துக்கும் கீழே
இரண்டு தளம் இறங்கினால் அந்த அறை.
பதினெட்டுப் பாகை. ஈரப்பதம் ஐம்பது.
மணிக்கு எழுபது பிராங்க் என் கூலி.

மேசையில் சாம்பல் நிற அட்டைப்பெட்டி.
அதற்குள்
நெற்றியில் கறுப்பு மையால் எண் எழுதப்பட்ட
ஒருவருடைய தலை.
"வருந்துகிறோம்" என்று தாளைப் பார்த்து வாசித்தார்
காப்பக அதிகாரி ரெகுலா.
வருந்துகிறோம் என்றேன் தமிழில்.
டிராம் பிந்தினாலும் இங்கே
அதே சொல்தான்.

வாகரைக்கு அப்பாலிருந்து,
தன் வேடர் குடிக்காக வந்திருந்த நாகாத்தை
கையுறையைக் கழற்றினார்.
கழற்றக் கூடாது என்றார் ரெகுலா.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
எச்சில் தொட்ட விரலால்
அந்த எண்ணைத் தேய்த்துப் பார்த்தார்.
போகவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி,
"நீ எவடம், புள்ள?"
சொன்னேன்.
"குளத்துக்குக் கிழக்காலயா?"
ஓம்.
"அது எங்கட காடு."

காடாக நான் அதைக் கண்டதில்லை.
அப்பாவின் பன்னிரண்டு ஏக்கர் நெல் அது.
ஈடு வைத்து ஏஜென்சிக்குக் கட்டிய காசு,
நான் இங்கே வந்து இறங்கிய காசு.
வேடுவப் பெண்ணை மணந்த சாமிக்கு
வருசம் தப்பாமல் காவடி எடுத்தோம்.
அவள் இனத்தார் வாசலுக்கு வந்தால்
சிரட்டையில் தண்ணீர்.

என்ன சொல்கிறார்? என்றார் ரெகுலா, பேனாவோடு.

பெயர்ப்பாளருக்கு விதி ஒன்று:
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்'.
ஜெர்மனில் 'உன்சர்' என்று ஒரே சொல்.
எங்கட என்றாலும் உன்சர்,
நம்மட என்றாலும் உன்சர்.
வேலியே இல்லை அதற்கு.
உள்ளே போய் நானும் நின்றுவிடலாம்,
எவருக்கும் தெரியாது,
அவருக்கும்.

"அது அவர்களுடைய காடு" என்றேன்.
"எடுத்தது நாங்கள்.
இது மொழிபெயர்ப்பு இல்லை.
குறித்துக்கொள்ளுங்கள்."

பேனா கொஞ்ச நேரம்
தாளுக்கு மேலேயே நின்றது.

நாகாத்தைக்கு ஜெர்மன் தெரியாது.
என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.
பெட்டியை மூடி ஒரு பக்கம் கைகொடுத்து,
மறுபக்கத்தைக் கண்ணால் காட்டி
"பிடி" என்றார்.

நம்மட என்று சொல்லவில்லை.

பிடித்தேன். பாரமே இல்லை.
லிஃப்ட் வர நேரமெடுத்தது.