கோடு மட்டும்

யார்க் நகரத்தில் ஆகஸ்ட் பிறந்தால்
நான்கு நாளைக்கு எனக்கொரு ஜன்னல் உண்டு.
ஜன்னல் என்றதும் அகலமாக நினைத்துவிடாதீர்கள்.
மயிரிழை.
அதன் வழியே என் கேமரா பார்ப்பது
வெற்றிக் கம்பத்துக்கு நேர் எதிரே
ஒரு கீற்றுப் புல், அவ்வளவுதான்.

நேவ்ஸ்மையர் திடல் முழுக்கத் தொப்பிகள்,
எள் விழ இடமில்லை.
பழைய சாக்லேட் ஆலையின் கடிகாரம்கூட
எட்டி எட்டிப் பார்க்கிறது.
நான் பார்ப்பதில்லை.
வளைவில் எவன் முந்தினான்,
எவன் வேலியோரம் மாட்டிக்கொண்டான்,
எல்லாம் ஒலிபெருக்கியில் ஆக்டன் சொல்லித்தான்.
அவர் தொண்டை ஏற ஏற
நானூறு கெஜம், இருநூறு, நூறு என்று
காதால் எண்ணி
விசையை அழுத்துவேன்.
தகரக் கூரை அதிரும்.
கையில் ஒரு படம் இருக்கும்.

அதில் இடம் என்பதே கிடையாது. நேரம் மட்டும்.
முதல் மூக்கு வந்த கணம் ஓர் ஓரம்,
கடைசி வால் போன கணம் மறு ஓரம்,
நடுவே அதே கீற்றுப் புல்
ஆயிரம் தடவை.

ஊஸ் ஆறு பொங்கித் தரை சேறான வருடம்
'காப்பர் கெட்டில்' வந்தது,
ஒன்றுக்கு அறுபத்தாறு.
செல்பி தபால் நிலையத்து ஆறு பேரின் குதிரை;
ஆளுக்கொரு கால் போக
மிச்ச இருவருக்குத் தலையும் வாலும் என்று
சிரித்துக்கொண்டே வாங்கியது.
படத்தைப் பெரிதாக்கினேன்.
இரண்டு மூக்கும் ஒன்றாகத்தான் இருந்தன.
ஒன்று மூச்சுக்கு ஏங்கி
நாசியை விரித்திருந்தது.
அந்த விரிப்பில் வென்றார்கள்.

இன்னொரு வருடம், இரண்டு பெண் குதிரைகள்.
நடுவர் தாக்ரே பதினோரு நிமிடம்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
நூல் பிசகவில்லை. சமம் என்றார்.
பாதிப் பரிசு வாங்கிய இரண்டு ஜாக்கிகளும்
அன்றோடு எனக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் விடலாம் என்றிருந்தேன்.

ஐந்து ஃபர்லாங். ஒரு நிமிடம்கூட ஆகாத ஓட்டம்.
ஆக்டனின் குரல் ஏறியது, ஏறியது,
ஒரு வார்த்தையின் பாதியில் நின்றது.
கூரை அதிர்ந்தது. ஆனால்
கூட்டம் கத்தவில்லை.
படத்தில் சேணங்களை எண்ணினேன். பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.
ஓடியவை பன்னிரண்டு.

'ஸ்மால் அவர்ஸ்' கோட்டுக்கு எழுபது கெஜம் முன்னே
புல்லில் கிடந்ததாம்.
ஊரே பார்த்ததை
நான் மட்டும் பார்க்கவில்லை.
பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம்.
என் கை விசையிலேயே இருந்தது,
எடுக்க மறந்துபோனேன்.

லாயத்துப் பெண் நெல் ஃபேர்பர்ன்
கோட்டைத் தாண்டி ஓடினாள்,
குதிரைகள் வந்த வழியை நோக்கி, எதிர்த் திசையில்.
இந்த இயந்திரத்துக்குத் திசை தெரியாது.
முன்னால் வருவது முதலில் பதியும்,
ஆகவே படத்தில் அவளும்
மற்ற பதினொன்றைப் போலவே
அதே பக்கம் பார்த்து ஓடுகிறாள்,
கைப்பட்டையில் எண் நான்கு,
பன்னிரண்டாவதாக.

நெடுநேரம் கழித்துத் திரும்பி நடந்து வந்தாள்.
வேகமாகக் கடப்பது குறுகும் இதில்.
மெதுவாகக் கடப்பது நீளும்.
அவளுடைய ஒரு காலணி
ஒரு படகு நீளம் இருக்கிறது.
முகத்தை நான் பெரிதாக்கவில்லை.

பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாத பகுதி,
வெட்டிவிடுங்கள் என்றார் தாக்ரே.
சரி என்றேன்.
வெட்டவில்லை.

கையில் வெறும் தலைக்கயிறு,
முனை புல்லில் இழுபட்டு வந்தது.
நான் விசையை விட்டபோதும்
கயிறு
இன்னும் கடந்துகொண்டிருந்தது.