இருநூற்றுப் பதினொன்றாம் கல்

பள்ளி ஓட்டப் பந்தயங்களில்
இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளை அளந்த ஸ்டாப்வாட்ச்
இன்று ஐந்தாம் நெடுஞ்சாலையில்,
மொண்டெவிடியோவுக்கு முதுகு காட்டி,
என் கணவரை அளக்கிறது.

"தொண்ணூறு" என்கிறார் ஓவிடியோ.
முள்ளும் தொண்ணூறு என்கிறது.
பதினோரு வருஷமாக இருவருக்கும் ஒரே பேச்சு.

இருநூற்றுப் பதினொன்றாம் கல்
ஜன்னலோரம் நழுவும்போது அழுத்தினேன்.
தொண்ணூறில் போனால்
நாற்பது நொடியில் அடுத்த கல் வர வேண்டும்.
நாற்பது.
யூகலிப்டஸ் வரிசை, கம்பிவேலி, ஒரு கறுப்பு மாடு.
நாற்பத்து நான்கு.
பேக்கரி லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே முந்திப் போகிறது.
நாற்பத்தெட்டில் வந்தது கல்,
தாமதத்துக்குக் காரணம் சொல்லாத விருந்தாளி மாதிரி.

"உன் விரல் தாமதம்" என்றார்.
அடுத்த கல்லுக்கும் நாற்பத்தெட்டு.
திரும்பி வரும்போதும் நாற்பத்தெட்டு.
மாத்தேக் குடுவையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு
பழைய பேருந்துச் சீட்டின் பின்புறம் வகுத்துப் பார்த்தேன்:
எழுபத்தைந்து.
சீட்டை அவர் மடியில் வைத்தேன்.
அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அப்பால் ஆள்காட்டிகள் கத்தின.
ஓரிடத்தில் கத்தி
வேறிடத்தில் முட்டையிடும் பறவை என்பார்கள் இங்கே.
நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு முழுக்க டாஷ்போர்டு கழன்று கிடந்தது.
முள்ளுக்குப் பின்னால் பெரிதாக எதுவுமில்லை:
சுழலும் ஒரு காந்தம்,
தொடாமலே அதன் பின்னால் போகத் துடிக்கும் அலுமினியக் கிண்ணம்,
போகாதே என்று பிடித்திழுக்கும் மயிரிழை வில்.
காந்தம் சரி. வில் சரி. கேபிளில் முறுக்கில்லை.
எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்துதான்
பொய் சொல்லியிருக்கிறார்கள்.

குற்றவாளி கியர்பாக்ஸின் இடுப்பில் இருந்தான்.
பைசாந்தூவில் யாரோ மாற்றிக் கொடுத்தது அது.
சுண்டுவிரல் பருமனில் ஒரு பற்சக்கரம்;
பதினெட்டுப் பல் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து.
மூன்று பல் குறைந்த வாய்
அவசர அவசரமாகப் பேசியிருக்கிறது.

துராஸ்னோ பழைய இரும்புக் கடையில்
அமில்கார் சொசியாஸ்,
நசுங்கிய இன்னொரு பெஜோவின் அடியில் ஊர்ந்து போய்,
பதினெட்டுப் பல்லோடு வெளியே வந்தார்.
முன்னூறு பெசோ.
"பல் டாக்டரைவிட மலிவு" என்றார் முகம் மாறாமல்.

மீண்டும் அதே கல்.
ஓவிடியோவின் கால் பழகிய இடத்தில் போய் நின்றது.
முள் எழுபத்தைந்தில் நின்றது.
கொஞ்ச தூரம் பேச்சில்லை.
என்ன கூட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.
தம்பி கல்யாணத்தில் நாங்கள் நுழையும்போது
கேக்கில் ரிப்பன் இழுத்து முடித்திருந்தார்கள்.
பின்னால் வந்து விளக்கடித்த அத்தனை பேரையும்
பைத்தியம் என்றிருக்கிறார்,
தொண்ணூறுக்கு மேல் என்ன, பறக்கவா சொல்கிறான் என்று.

அதே பல்தான் தூரத்தையும் எண்ணியது.
ஓடியதாக நாங்கள் நம்பிய
ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டரில்
இருபதாயிரம் நாங்கள் போகவேயில்லை.
"அது எங்கே போச்சு?" என்றார்,
சில்லறை குறைந்ததைக் கடை தாண்டிக் கண்டுபிடித்தவர் போல.

பிறகு மிதித்தார்.
எண்பது.
எண்பத்தைந்தில் கதவுப்பிடி நடுங்கத் தொடங்கியது.
குடுவையிலிருந்து வெந்நீர் என் பாவாடையில் தெறித்தது.
பேக்கரி லாரியின் பின்கதவு, அதன் பூட்டு, பூட்டின் துரு,
இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.
தொண்ணூறு.
வேகமாகப் போ, வேகமாகப் போ என்று
பதினோரு வருஷம் நச்சரித்தவள்
இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்திருந்தேன்.
"போதும்" என்றது என் குரல்தான்.

கல் கடந்தது. தடவித் தேடி அழுத்தினேன்.
நாற்பத்து மூன்று.

"உன் விரல் தாமதம்" என்றார்.
இந்த முறை உண்மை.