மூன்றாவது சுற்றுவரை

செவ்வாய்க்கிழமை மாலை,
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை கிளப்பில் நான்கு மேசை.
ஜூன் மாதம். காற்று திரும்பினால்
கூழ் ஆலைப் பக்கமிருந்து வெந்த மாம்பழ வாசனை
சீட்டின்மேல் வந்து உட்காரும்.

ஒரு நோ டிரம்ப் என்றேன், பதினாறு புள்ளி.
எதிரே திம்மராயப்பா, சந்தூரில் ஒட்டுக்கன்று விற்பவர்,
விரல் மடக்காமல் மூன்று என்றார்.
எல்லோரும் பாஸ்.
அன்வர்தீன் ஆர்ட்டின் ராஜாவை இறக்கினார்.

டம்மி விரிந்தது:
ஆர்ட்டினில் ஏழு, ஐந்து, கேட்க நாதியில்லை.
டைமன் ஐந்து, ஆஸ் தலைமையில் வரிசை கட்டி.
என் கையில் ஆர்ட்டின் ஆஸ், எட்டு, மூன்று.

எக்ஸ்ரே பார்க்காமல் ஒரு பல்லைக்கூடத் தொடாதவள் நான்.
பெங்களூரு சாலையில் பதினோரு வருடமாக
என் பெயர்ப்பலகை தொங்குகிறது.
அந்த ஆஸை,
டம்மியின் கடைசிச் சீட்டு மேசையில் படியுமுன்
பிடுங்கி வைத்தேன்.

பிறகு டைமன் ராணியை ஓடவிட்டேன்.
ஜெயசீலியின் ராஜா அதைத் தின்றது.
அவரிடம் இன்னும் ஆர்ட்டின் இருந்தது. இருக்காதா?
திருப்பினார்.
அன்வர்தீன் நான்கு பிடிகளை
அவருடைய கிரானைட் பலகைகளைப்போலச்
சத்தமில்லாமல் சாய்த்து அடுக்கினார்.
ஒன்று குறைவு.

சீட்டு சரியில்லை என்று எழுந்துபோக
இது ரம்மி இல்லை.
அதே ஐம்பத்திரண்டும் அதே நான்கு பைகளில்
அடுத்த மேசைக்குப் போகும்.
ஒன்பதரைக்குத் தாள் ஒட்டினார்கள்:
மூன்று மேசையில் நானூறு.
ஒரு மேசையில் கழித்தல் ஐம்பது.

திம்மராயப்பா ஒன்றும் சொல்லவில்லை.
ஏலத்தில் எங்களுக்குப் பதினைந்தே சொற்கள்:
ஏழு எண், நான்கு இனம், நோ டிரம்ப்,
பாஸ், டபுள், ரீடபுள்.
மூன்று வருடமாக அவரோடு பேசியது அவ்வளவுதான்.
அதிலும் பாஸ் என்ற சொல்லுக்கு
என் நாக்கு வளைய வெகுநாள் ஆனது.
அவர் இரண்டு ஸ்பேட் என்று கதவைச் சாத்தினாலும்
ஜன்னல் வழியாக மூன்று என்று எட்டிப் பார்ப்பேன்.

காரை எடுக்கும்போது மட்டும் கேட்டார்:
"அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்து
ஆர்ட்டின் எத்தன, டாக்டர்?"
எட்டு என்றேன்.
தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

குருபரப்பள்ளி போகும் வழியில் டோல்கேட்.
முன்னால் பதினேழு லாரி,
ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மலையின் துண்டு.
ஸ்டீயரிங்கில் விரல்விட்டு எண்ணினேன்.
எட்டு, ஐந்தும் மூன்றுமாகப் பிரிந்தால்?
முதல் சுற்றில் மூன்றைப் போடு.
இரண்டாவதில் எட்டைப் போடு, வலிக்கட்டும்.
மூன்றாவதில் ஆஸ்.
இப்போது ஜெயசீலி டைமன் ராஜாவோடு உள்ளே வரட்டுமே,
கொடுக்க அவரிடம் ஆர்ட்டின் ஏது?
அன்வர்தீனின் மிச்சம் இரண்டும்
பூட்டிய வீட்டுக்குள் பழுத்து அழுகும்.
பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.
யாரும் பார்க்காமல், டோல்கேட்டில்,
மூன்று நோ டிரம்ப் எடுத்தேன்.

அடுத்த செவ்வாய்.
மறுபடி மூன்று நோ டிரம்ப், மறுபடி அவர்களே.
இம்முறை சின்ன ஸ்பேட் வந்தது. ஆஸ் என்னிடம்.
டம்மி முழுக்க விரியும்வரை கையைத் தொடையின் கீழ் வைத்திருந்தேன்.
ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். எண்ணினேன்.
ஆஸை மறைத்து நான்கைப் போட்டேன்.
கொஞ்சம் பெருமையாகவே போட்டேன்.

பிடி ஜெயசீலிக்கு.
அவர் ஸ்பேடைத் திரும்பித் தொடவில்லை.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
ஒரு கிளாவரை அனுப்பினார்.
என்னிடம் கிளாவரில் ராஜாவும் ஒரு துண்டுச் சீட்டும்.
அந்தப் பக்கம் ஆஸும் ராணியும்
சாப்பிட உட்கார்ந்தவர்கள்போலக் காத்திருந்தன.
இரண்டு குறைவு.

திம்மராயப்பா சீட்டைப் பையில் செருகினார்.
"போன வாரம் யோசிக்காம தோத்தோம்.
இந்த வாரம் யோசிச்சுத் தோத்தோம்."
பதினைந்துக்கு வெளியே
அவர் என்னிடம் சொன்னதில் அதுதான் நீளம்.
தோத்தோம் என்றாரே, தோத்தீங்க என்று சொல்லாமல்.

அடுத்த போர்டு வந்தது.
கையை விரித்தேன்: நான்கு புள்ளி.
பாஸ் என்றேன்,
சுத்தமாக.